அரை அங்குலம்

"நாற்பத்தொரு வகைத் தோட்டா இருக்கிறது, அம்மா. எனக்கு எது?" என்று கேட்டபடி ஆவுடையப்பன் தன் நோட்டைத் திறந்து நீட்டினார்.

எஸ்தர் அதை வாங்கினாள். மூடினாள். இரண்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் செருகினாள்.

மேசை ஆடுவது நின்றது.

"அது எட்டு மாத உழைப்பு," என்றார் அவர்.

"தெரியுது சார். கெட்டியா இருக்கு."

எஸ்தர் குன்னூர் கீழ்பஜாரில், ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால், கேட்பவர்களின் அளவுக்குத் துப்பாக்கி செய்துகொடுப்பவள். துப்பாக்கி வேலை இல்லாத நாட்களில் தையல் மிஷின் ரிப்பேர். வயது முப்பத்தெட்டு. ஆவுடையப்பன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வயது அறுபத்தொன்று. அவள் அவரை சார் என்றாள். அவர் அவளை அம்மா என்றார்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த போஜனுக்கு இது பிடித்திருந்தது. தலைமையாசிரியர் ஒருவர் கைகட்டி நிற்பதை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

போஜன் அவருடைய கூட்டாளி. கோத்தகிரிக்கு அப்பால் இருவருக்கும் பாதிப் பாதியாக இரண்டு ஏக்கர் உருளைக்கிழங்கு. இரண்டு போகத்தைக் காட்டுப்பன்றிகள் தின்றுவிட்டன. போன போகத்தில் கிழங்கோடு போஜனின் வலது தொடையையும் ஒரு பன்றி கிழித்துவிட்டது. காயம் ஆறிவிட்டது. முட்டி மடங்கவில்லை.

மூன்றாவது போகம் மண்ணுக்குள் இருந்தது.

அதுவும் போனால் தன் பாதி நிலத்தை விற்றுவிட்டு மச்சானோடு கூடலூருக்குப் போய்விடுவதாக போஜன் சொல்லியிருந்தான். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னான். அதனால்தான் ஆவுடையப்பனுக்குப் பயமாக இருந்தது.

பன்றியைச் சுட கலெக்டர் ஆபீஸில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். படிவத்தில் ஒரே ஒரு கட்டம் காலி. துப்பாக்கிக்கு எந்த அளவுத் தோட்டா என்று எழுத வேண்டும். மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் அனுமதி போய்விடும். மறுபடி விண்ணப்பித்தால் ஒரு வருடம்.

அன்று தேதி ஒன்பது.

"நோட்டைப் படிக்காமல் எப்படிச் சொல்வீர்கள்?" என்றார் ஆவுடையப்பன். "ஒவ்வொரு தோட்டாவும் முன்னூறு கெஜத்தில் எத்தனை அங்குலம் கீழே இறங்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்."

"உங்க நிலம் எவ்வளவு நீளம் சார்?"

"நூற்றிருபது கெஜம்."

"அதுக்கு அப்புறம்?"

"ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் போஸ்ட் மாஸ்டர் வீடு."

"அது எத்தனை கெஜம்?"

ஆவுடையப்பன் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். கண்ணைத் திறந்தபோது முகம் மாறியிருந்தது.

"முன்னூறு."

"அவரைச் சுடப் போறீங்களா?"

"தந்தி வந்தா மறுநாள்தான் குடுக்கறாரு," என்றான் போஜன் வாசலிலிருந்து.

*

"பன்னி வந்த அன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள் எஸ்தர். ஒரு தையல் மிஷினின் வயிற்றுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

ஆவுடையப்பன் சொன்னார். பல பேரிடம் சொல்லிச் சொல்லி அந்தக் கதை ஒழுங்காகிவிட்டிருந்தது.

பக்கத்து எஸ்டேட் மேனேஜர் குரியனிடம் துப்பாக்கியும் ஐந்து தோட்டாக்களும் இரவல் வாங்கினார். துப்பாக்கி முப்பது-நாட்-ஆறு என்ற பெரிய அளவு. சாயங்காலம். வெளிச்சம் இருந்தது. அவரும் போஜனும் கல்வரப்பில் நின்றார்கள். ஒரே பன்றி. நாற்பது அடி. சுட்டார். பன்றி விழவில்லை. திரும்பி அவரை நோக்கி வந்தது. இரண்டாவது தடவை சுட்டார்.

"வெடிக்கவில்லை. டிக் என்றது. அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"போஜன் குறுக்கே போய் அதை டின்னால் அடித்தான்."

"மண்ணெண்ணெய் டின்," என்றான் போஜன். "அது நல்லா வெடிச்சுது."

"முதல் தோட்டாவுக்குப் பலம் போதவில்லை. இரண்டாவது வெடிக்கவே இல்லை," என்றார் ஆவுடையப்பன். "தோட்டாவை நம்பிப் போய் நின்றேன். தோட்டா கைவிட்டது. அதனால்தான் இந்தத் தடவை முதலில் தோட்டா. அதை முடிவு செய்துவிட்டுத்தான் துப்பாக்கி."

"முதல் குண்டு பன்னிக்கு எங்க பட்டது?"

"காதில்."

"காதுல எங்க?"

"நுனியில்."

எஸ்தர் எண்ணெய்க் குப்பியை நிமிர்த்தி வைத்தாள்.

"பீரங்கியா இருந்தாலும் காது நுனியில பட்டா காது நுனிதான் சார் போகும்."

"நான் சுடத் தெரியாதவன் இல்லை. பதினைந்து வருடம் பள்ளியில் என்.சி.சி. ஆபீசர். ஆயிரம் பையன்களுக்குச் சுடக் கற்றுக் கொடுத்திருக்கிறேன்."

"எந்தத் துப்பாக்கி?"

"பாயிண்ட் டூ டூ."

"சின்னது. அதுல ஒரு தடவை சுட்டு முடிச்சதும் காலிக் கூடு வெளிய விழறதுக்குப் போல்ட்டைப் பின்னாடி இழுப்பீங்களே, எவ்வளவு தூரம் வரும்?"

ஆவுடையப்பன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். ஒரு நெருப்புப் பெட்டி நிற்கும் அளவு.

எஸ்தர் அந்த இடைவெளியைப் பார்த்தாள். மிஷினின் சக்கரத்தைச் சுற்றினாள். ஊசி மேலே போனது, கீழே வந்தது.

"ஊட்டியில துப்பாக்கிக் கடைக்குப் போங்க சார். எது நல்ல தோட்டான்னு கேக்காதீங்க. எது இருக்குன்னு கேளுங்க. அடுத்த வருஷமும் எது இருக்கும்னு கேளுங்க."

"அவ்வளவுதானா?"

"அந்த ஆள் பேசினா நிறுத்த மாட்டாரு. அதனால ரெண்டு கேள்வி போதும்."

*

பதினாறாம் தேதி வந்தார்கள். அதற்குள் வடக்கு ஓரத்தில் நான்கு வரிசை போயிருந்தது. பன்றிகள் வரிசை பிசகாமல் தின்றிருந்தன என்றும், தன் பள்ளியில் அத்தனை ஒழுங்கைப் பார்த்ததில்லை என்றும் ஆவுடையப்பன் சொன்னார்.

போஜன் சிரிக்கவில்லை. மச்சானிடமிருந்து கடிதம் வந்திருந்தது.

"கடையில என்ன சொன்னாங்க?"

"இரண்டு இருக்கிறது. இரண்டுதான் இனிமேலும் வருமாம்." அவர் குரல் இறங்கியது. "நாற்பத்தொன்றில் முப்பத்தொன்பது போய்விட்டது."

"பஸ்ல வரும்போதும் இப்படித்தான்," என்றான் போஜன். "பக்கத்து சீட்டு அம்மா யாரு செத்ததுன்னு கேட்டாங்க."

ஆவுடையப்பன் சட்டைப்பையிலிருந்து இரண்டு தோட்டாக்களை எடுத்து மேசைமேல் நிறுத்தினார். மேசை ஆடாததால் இரண்டும் நின்றன.

ஒன்று முன்னூற்றெட்டு. மற்றது முப்பது-நாட்-ஆறு. நுனியில் இருந்த குண்டு இரண்டிலும் ஒன்றுதான். ஒரே பருமன், ஒரே எடை. பித்தளைக் கூடுதான் ஒன்றில் குட்டை, மற்றதில் நீளம்.

"எவ்வளவு நீளம் கூட?" என்றாள் எஸ்தர்.

"அரை அங்குலம்."

அவள் அலமாரியிலிருந்து இரண்டு இரும்புகளை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். குழலும் இல்லை, கட்டையும் இல்லை. துப்பாக்கியின் நடுப்பகுதி மட்டும். போல்ட் முன்னும் பின்னும் ஓடும் இடம்.

"இதுதான் ஆக்‌ஷன். குட்டைத் தோட்டாவுக்குக் குட்டை. நீளத் தோட்டாவுக்கு நீளம். நீளமா இருந்தா போல்ட்டையும் அந்த அரை அங்குலம் கூட இழுக்கணும். அவ்வளவுதான் சார் வித்தியாசம்."

"வேகம்?"

"நீளமானது கொஞ்சம் வேகமாப் போகும்."

"கொஞ்சம் என்றால் எவ்வளவு?"

"பன்னிக்குத் தெரியாத அளவு."

ஆவுடையப்பன் இரண்டு இரும்பையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார். கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். தராசுபோல இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீளமானதை எடுத்தால் பலம். குட்டையானதை எடுத்தால் கனம் குறைவு. அப்படியானால் எது?"

எஸ்தர் அவர் கையிலிருந்து இரண்டையும் வாங்கி அலமாரியில் வைத்தாள்.

"பசிக்குது சார். நீங்க சாப்டாச்சா?"

"நான் கேட்டதற்குப் பதில் இது இல்லையே."

"ஆமா. இது வேற கேள்வி."

அவள் டிபன் டப்பாவைத் திறந்தாள். மூன்று பேரும் சப்பாத்தி சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது ஆவுடையப்பன் நான்கு தடவை வாயைத் திறந்தார். நான்கு தடவையும் எஸ்தர் ஊறுகாயை நகர்த்தி வைத்தாள்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: "என் நோட்டையாவது திருப்பிக் கொடுங்கள். இரண்டைப் பற்றியும் ஒப்பிட்டு எழுத வேண்டும்."

எஸ்தர் மேசைக் காலைப் பார்த்தாள்.

"வேற நோட்டு வாங்கிக்குங்க சார். இது வேலைக்குச் சேந்தாச்சு."

*

வேறு நோட்டு வாங்கினார்.

இருபத்தெட்டாம் தேதி வந்தபோது அது பாதி நிரம்பியிருந்தது. நடுவே கோடு. இடது பக்கம் குட்டை, வலது பக்கம் நீளம். காற்று, ஈரம், கழுத்துவலி, தோட்டாவின் எடை, பையில் போட்டால் வரும் சத்தம், பித்தளை கறுக்கும் வேகம் எல்லாம் இருந்தன. கோயம்புத்தூர் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கும் ஒருவருக்குக் கடிதம் எழுதிப் பதில் வாங்கியிருந்தார். முடிவெட்டும்போது நாவிதரிடமும் கேட்டிருந்தார்.

"அவரு என்ன சொன்னாரு?" என்றாள் எஸ்தர்.

"பௌதிகம் நீளம் என்றது. நாவிதர் குட்டை என்றார்."

"மொத்தத்துல?"

"இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு."

எஸ்தர் கையை நீட்டினாள். அவர் நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டார்.

"குடுத்துருங்க சார்," என்றான் போஜன். "அந்த அலமாரியும் லேசா ஆடுது."

"உனக்கு விளையாட்டாக இருக்கிறது," என்றார் ஆவுடையப்பன் திரும்பி. "நாளை மறுநாள் மாதக் கடைசி. வடக்கில் பதினொரு வரிசை போய்விட்டது. நான் தவறான தோட்டாவை எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? மறுபடியும் ஒரு பன்றி நேரே வந்து, மறுபடியும் அது வெடிக்காமல் போனால்?"

"யோசிச்சேன் சார்."

"என்ன யோசித்தாய்?"

"கூடலூர்ல பன்னி கம்மின்னு மச்சான் எழுதியிருக்காரு."

சைக்கிள் கடையில் யாரோ காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

எஸ்தர் எழுந்து வெளியே போனாள். சைக்கிள் கடைக்காரரிடம் அவள் பேசியது போஜன் காதில் விழுந்தது.

"அண்ணே, தூக்கிப் போடற டியூப் ஏதாவது இருக்கா?"

"எதுக்கும்மா?"

"காத்தடிக்கணும்."

"தாங்காதே."

"தாங்க வேண்டாம்."

அவள் உள்ளே வந்து கதவருகில் சாய்த்து வைத்திருந்த துப்பாக்கி ஒன்றை எடுத்தாள். ரிப்பேருக்கு வந்தது. நீள ஆக்‌ஷன். மருந்து இல்லாத ஐந்து தோட்டாக்களை அதில் போட்டாள். முதல் தோட்டாவை அவளே உள்ளே தள்ளி, ஆவுடையப்பன் கையில் கொடுத்தாள்.

"சுடுங்க. போல்ட்டை இழுங்க, தள்ளுங்க. மறுபடி சுடுங்க. நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

"எதற்கு?"

"சுவத்துல அந்தக் காலண்டர் இருக்கே, அதுதான் பன்னி."

காலண்டரில் ஒரு குழந்தை பால் பவுடர் டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் சிறிது யோசித்துவிட்டு, குழந்தையைத் தவிர்த்து டின்னைக் குறிபார்த்தார். என்.சி.சி. ஆபீசராக நின்றார். கால்கள் சரியான அகலத்தில் இருந்தன.

அழுத்தினார். டிக்.

இழுத்தார். தோட்டா வெளியே துள்ளி சிமெண்டுத் தரையில் விழுந்தது. டங். தள்ளினார். அழுத்தினார். டிக்.

இழுத்தார். டங். தள்ளினார். அழுத்தினார். டிக்.

"எப்படி?" என்றார்.

"நல்லா இருக்கு சார். நிறுத்தாதீங்க."

சைக்கிள் கடையில் டியூப் வெடித்தது.

ஆவுடையப்பன் நின்ற இடத்திலேயே ஒரு சாண் உயர்ந்து இறங்கினார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது. கை மட்டும் தானாக வேலை செய்தது. இழுத்தார், தள்ளினார், அழுத்தினார்.

டிக்.

"யார்டா அது!" என்று கத்தினார். முப்பது வகுப்பறைகள் அடங்கும் குரல்.

"டியூப் சார்," என்றது பக்கத்துக் கடை.

எஸ்தர் துப்பாக்கியை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"எத்தனை தடவை இழுத்தீங்க சார்?"

"மூன்று."

"தரையில எத்தனை கிடக்கு?"

அவர் குனிந்து பார்த்தார்.

"இரண்டு." பிறகு, "ஒன்று உருண்டு போயிருக்கும்," என்றார்.

"இருக்கும்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். அலமாரிக்குக் கீழே பார்த்தார். தையல் மிஷினுக்குக் கீழே பார்த்தார். பிறகு தவழ்ந்து மேசைக்கு அடியில் போனார். வெளியே அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன.

எஸ்தர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், குரியன்கிட்ட எத்தனை தோட்டா வாங்கினீங்க?"

"ஐந்து," என்றது மேசைக்கு அடியிலிருந்து குரல்.

"எத்தனை வெடிச்சது?"

"ஒன்று. சொன்னேனே."

"எத்தனை திருப்பிக் குடுத்தீங்க?"

"நான்கு. எண்ணித்தான் கொடுத்தேன். அந்த விஷயத்தில் நான் கறார். குரியனும் எண்ணித்தான் வாங்கினார்."

"அந்த நாலையும் அவரு என்ன செஞ்சாரு?"

"அடுத்த வாரமே சுட்டுத் தீர்த்துவிட்டார். அவர் பங்களாவிலும் பன்றித் தொல்லைதான்."

"நாலும் வெடிச்சுதா?"

"வெடித்தது. சத்தம் எங்கள் வீடு வரைக்கும்..."

குரல் நின்றது.

மேசைக்கு அடியில் கை தரையைத் தடவும் சத்தமும் நின்றது.

எஸ்தர் துப்பாக்கியின் போல்ட்டைப் பிடித்து, மெதுவாக, கடைசி வரை இழுத்தாள். உள்ளே இருந்த மூன்றாவது தோட்டா துள்ளி விழுந்தது. டங் என்று தரையில் பட்டு, உருண்டு, மேசைக்கு அடியில் போனது.

பாதங்கள் அசையவில்லை.

முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் வெகுநேரம் மேசைக்கு அடியிலேயே இருந்தார். போஜன் எட்டிப் பார்க்கப் போனான். எஸ்தர் வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள்.

டீ கொதித்த பிறகு அவர் வெளியே வந்தார். முழங்கையில் தூசி. மூன்றாவது தோட்டாவைக் கையில் வைத்திருந்தார்.

"தேடினது கெடச்சுதா சார்?" என்றாள்.

"கிடைத்தது."

அவர் தோட்டாவை மேசைமேல் நிறுத்தினார். வலது கையை விரித்துப் பார்த்தார். யாரோ கொடுத்துவிட்டுப் போன கையைப் பார்ப்பதுபோல இருந்தது. விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டினார்.

"டீ ஆறிடும்," என்றாள் எஸ்தர்.

அவர் டீயைக் குடித்தார். சர்க்கரை போதுமா என்று அவள் கேட்டதற்கு, போதும் என்றார். சர்க்கரை போடவே இல்லை.

பிறகு பையிலிருந்து படிவத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார். நோட்டு எதையும் பார்க்கவில்லை. காலியாக இருந்த கட்டத்தில் முன்னூற்றெட்டு என்று எண்ணால் எழுதினார். அடைப்புக்குறி போட்டு எழுத்தாலும் எழுதினார். கீழே ஒரு கோடு இழுத்தார்.

"பலம் கொறையும் சார்," என்றாள் எஸ்தர். "பௌதிகம் என்ன சொல்லும்?"

"என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்."

"பத்து நாள்ல துப்பாக்கி ரெடி. தெனமும் இங்க வந்து நூறு தடவை இழுங்க. காலண்டர் இருக்கு."

"டியூப்?"

"அதுவும் இருக்கு. எப்ப வெடிக்கும்னு சொல்ல மாட்டேன்."

*

கோத்தகிரி பஸ் வர அரைமணி இருந்தது. சாலையோரப் பாலத்தின் கட்டைச்சுவரில் இருவரும் உட்கார்ந்தார்கள். போஜனின் கால் மடங்காமல் சாலைப் பக்கம் நீண்டிருந்தது.

"போஜா."

"சார்."

"அன்றைக்குத் தோட்டா வெடிக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா?"

"ஆமா சார். குரியன் சார்கிட்டயும் சொன்னீங்க. டாக்டர்கிட்டயும் சொன்னீங்க. என் வீட்டுக்காரிகிட்ட ரெண்டு தடவை சொன்னீங்க."

"தோட்டா நன்றாகத்தான் இருந்தது."

போஜன் பீடியைப் பற்றவைத்தான். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது பற்றியது.

"தெரியும் சார்."

ஆவுடையப்பன் திரும்பினார்.

"எப்போது தெரியும்?"

"அப்பவே. மொத குண்டு வெடிச்சதும் நீங்க பாதிதான் இழுத்தீங்க. பித்தளை கல்லுல விழற சத்தம் வரல. உள்ள இருந்த காலிக் கூடே மறுபடி உள்ள போயிருச்சு. அதனாலதானே நான் டின்னை எடுத்தேன்."

"நான் இரண்டாவது தடவை அழுத்துவதற்கு முன்னாலேயேவா?"

"நீங்க அழுத்தற வரைக்கும் பாத்துட்டிருந்தா பன்னி பாத்துட்டிருக்குமா?"

சாலையில் ஒரு ஜீப் போனது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"எட்டு மாதம்," என்றார் ஆவுடையப்பன். "எட்டு மாதமாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை."

"எப்ப சொல்றது? எப்பப் பாத்தாலும் எழுதிட்டு இருந்தீங்க."

"நிறுத்திச் சொல்லியிருக்கலாமே."

"தலைமையாசிரியர் எழுதும்போது குறுக்க பேசலாமா சார்?"

அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. பீடிதான் கொஞ்சம் ஆடியது.

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்தார்.

"கோபம் இல்லையா உனக்கு?"

"இருந்துச்சு. காலு வலிக்கும்போதெல்லாம் இருந்துச்சு. ஆனா நீங்க அந்த முப்பத்தொன்பது தோட்டாவுக்குத் துக்கம் கொண்டாடினீங்க பாருங்க, பஸ்ல. அன்னிக்குப் போயிருச்சு."

"எல்லாமா?"

"முக்காவாசி."

கொஞ்ச நேரம் கழித்து ஆவுடையப்பன் கேட்டார்: "மச்சானுக்கு என்ன பதில் எழுதப் போகிறாய்?"

போஜன் பீடியை இழுத்தான். எதிரே மலைச்சரிவில் தேயிலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"இந்தத் தடவை கல்வரப்புல நிக்கக் கூடாது சார். பரண் கட்டணும். மூங்கில் நம்ம ஊர் ராமன்கிட்ட இருக்கு. நான் கேட்டா குடுப்பான், நீங்க கேட்டா எத்தனை அங்குலம்னு அவனைப் படுத்துவீங்க. நீங்க வராதீங்க. ஏறுறதுக்குப் படி வேணும், என் காலுக்கு அகலமா. ரெண்டு பேரு உக்காரணும்."

"இரண்டு பேரா?"

"நீங்க தனியா உக்காந்தா தூங்கிருவீங்க. கீழ விழுந்து பன்னி மேல உக்காருவீங்க. அப்புறம் அதுக்கு ஒரு நோட்டு போடுவீங்க."

"பரண் எத்தனை அடி உயரம் இருக்க வேண்டும்?"

போஜன் அவரைப் பார்த்தான்.

"சரி, கேட்கவில்லை," என்றார் ஆவுடையப்பன்.

"ஒரு டின்னும் வாங்கணும். பழசு நசுங்கிப் போச்சு. இந்தத் தடவை பெரிய டின்னா வாங்குவோம். எண்ணெய் டின்னு. சத்தம் நல்லா வரும். குரியன் சார் பங்களாவுல தூக்கிப் போடுவாங்க, நான் கேட்டு வைக்கிறேன்..."

வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு லாரி திரும்பியது. தேயிலைச் சாக்கு ஏற்றிய லாரி. சாலை அங்கே குறுகல். லாரி பாலத்துச் சுவரை ஒட்டி வந்தது.

போஜன் டின்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான்.

ஆவுடையப்பன் எழுந்து, அவனைச் சுற்றிக்கொண்டு லாரி வரும் பக்கமாகப் போய், நீட்டியிருந்த காலுக்கும் லாரிக்கும் நடுவே உட்கார்ந்தார்.